மலையகத்து ஈரக்காற்றில் செரமிக் கோட்டிங்: கார் வைத்திருப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில், கையில் இருக்கும் காரையே பேணிக் காப்பாற்ற வேண்டிய நிலை பலருக்கும் வந்தது. பழைய வாகனங்களின் விலையும் ஏறியதால், மங்காத பெயின்டும் அரிக்காத ரிம்மும் உள்ள ஒரு கார் குடும்பச் சேமிப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படலாயிற்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் செரமிக் கோட்டிங் பற்றி விசாரிப்போர் பெருகியிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பூச்சு எதனால் ஆனது, எதைச் செய்யும், எதைச் செய்யாது, நம் ஊரின் குளிருக்கும் மூடுபனிக்கும் நடுவே அதை எப்படிப் பூசுவது என்பவற்றை, இதுவரை அதைப் பற்றி எதுவும் அறியாதவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எழுத முயல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் தரத்தை முடிவுசெய்வது போத்தலில் உள்ள திரவத்தைவிட, பூசுவதற்கு முன் பெயின்டில் செய்யப்படும் ஆயத்தமும், பூசும் நாளில் கொட்டகைக்குள் இருக்கும் காற்றின் நிலையும்தான். இன்னொன்று, மலைப் பாதைகளில் ஓடும் வாகனத்துக்குப் பொடியைவிட, அதாவது காரின் வெளி உடலைவிட, முதலில் காக்கப்பட வேண்டியவை சில்லுகள்.

பெயின்டும் அதன் மேல் வரும் படலமும்

காரின் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என மூன்று வகை அடுக்குகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் பூசப்பட்ட ஒரு காரில் இவை எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புடையவை; ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோன் இருக்கும். நாம் காணும் பளபளப்பு முழுவதும் இந்த அடுக்கிலிருந்தே வருகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்கும் சேர்மங்களும் இதற்குள்ளேதான் கலக்கப்பட்டுள்ளன. பறவை எச்சம், மரப்பால், தார், புழுதி, கழுவும் துணியில் ஒட்டிய மணல் என எல்லாமே முதலில் தாக்குவதும் இதைத்தான்.

செரமிக் கோட்டிங் என்பது இந்தக் கிளியர் கோட்டின் மேல் பூசப்படும் ஒன்று அல்லது இரண்டு மைக்ரோன் அளவான, பல வேளைகளில் அதைவிடவும் மெல்லிய, ஒரு படலம். போத்தலில் இருப்பது ஆவியாகும் கரைப்பானில் கரைந்த சிலிக்கன் சேர்மங்கள். பல தயாரிப்புகளில் அவை சிலொக்சேன், பொலிசிலசேன் என்ற வகைகளைச் சேர்ந்தவை. பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது. எஞ்சும் சேர்மங்கள் காற்றில் உள்ள நீராவியோடு வினைபுரிந்து, சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த ஒரு வலையாக இறுகி, கிளியர் கோட்டை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மெழுகு மேற்பரப்பில் வெறுமனே ஒட்டியிருக்கும். வெயிலிலும் ஷாம்பூவிலும் சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் போய்விடும். செரமிக் படலமோ ஷாம்பூவாலோ சாதாரண கரைப்பானாலோ கரைவதில்லை. தேய்த்துத்தான் அகற்ற முடியும்.

நீராவி இல்லாமல் இந்தப் பூச்சு இறுகாது; ஆனால் இறுகுமுன் நீர்த்துளி பட்டால் கெட்டுப்போகும். இந்த இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

நன்றாகப் பூசப்பட்ட மேற்பரப்பில் நீர் பரவாமல், சேம்பிலையில் விழுந்த மழைநீர் போலத் திரண்டு உருண்டோடும். நீரோடு சேற்றின் பெரும்பகுதியும் போய்விடுவதால் கழுவுவது எளிதாகிறது. துணியை அழுத்தித் தேய்க்க வேண்டிய தேவை குறைகிறது. அதனால் நுண்ணிய கீறல்களும் குறைகின்றன. என் பார்வையில் இந்தப் பூச்சின் உண்மையான பயன் இதுதான். பறவை எச்சமும் பூச்சிகளின் உடற்சாறும் கிளியர் கோட்டுக்குள் இறங்குவதற்கு எடுக்கும் நேரத்தையும் இது நீட்டித் தருகிறது. ஆயினும் நீட்டித் தருகிறதே ஒழிய முற்றாகத் தடுப்பதில்லை. எச்சத்தைக் கண்ட அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுப்பது பூச்சு உள்ள காருக்கும் அவசியமே.

எதிர்பார்க்கக் கூடாதவை

விளம்பரங்களில் 9 எச் என்று ஒரு கடினத்தன்மை குறிப்பிடப்படும். பலர் அதை வைரத்தை 10 ஆகக் கொண்ட மோஸ் அளவுகோலின் 9 என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பென்சில் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 பாகைச் சாய்வில், குறித்த பாரத்தோடு பூச்சின் மேல் தள்ளி, எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லை என்று பார்ப்பதே அந்தச் சோதனை. 9 எச் என்பது அவ்வரிசையின் மிகக் கடினமான பென்சில். வீதி மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணலோ மோஸ் அளவில் 7 கடினமுடையது. பென்சில் முனையைக் காட்டிலும் மிக வலியது. எனவே மண் ஒட்டிய துணியால் தேய்த்தால் செரமிக் பூசிய காரிலும் கீறல் விழும். தோட்டத்துக் கிரவல் பாதையில் முன்னால் போகும் லொறியின் டயர் எறியும் கல்லை ஒரு மைக்ரோன் படலம் தடுக்கும் என்று நம்புவதற்கு இடமே இல்லை. அதற்கென்று இருப்பது 150 முதல் 200 மைக்ரோன் தடிப்புள்ள பொலியூரிதேன் பாதுகாப்புப் படலம். அது வேறு பொருள், அதன் விலையும் வேறு.

வெயிலைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயர்வுக்கும் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருப்பதால், மேகம் விலகிய நாளில் அங்கே கார் மேல் விழும் புறஊதாக் கதிர், காற்று குளிராக இருந்தாலும், கொழும்பைவிடக் குறைந்ததன்று, கூடியதே. இத்தனை மெல்லிய செரமிக் படலம் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தடுக்கும் வேலையைச் செய்வது கிளியர் கோட்தான். ஆண்டுதோறும் கட் அன்ட் பொலிஷ் செய்து அந்தக் கிளியர் கோட்டையே சில மைக்ரோன்களாகத் தேய்த்துக் குறைப்பது பெயின்டின் ஆயுளை நாமே குறைப்பதாகும். ஒருமுறை திருத்தமாகப் பொலிஷ் செய்து, அதன் மேல் செரமிக் பூசி, பிறகு பொலிஷ் இயந்திரத்தின் பக்கம் பல காலம் போகாமல் இருக்க முடிந்தால், அந்தச் சிக்கனமே இந்தப் பூச்சு தரும் பெரும் பாதுகாப்பு.

நாளும் காற்றும்

மலையகத்தில் இந்த வேலை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஈரமும் குளிரும் சேர்ந்த காற்று. பல தயாரிப்புகள் 10 பாகை செல்சியசுக்கு மேல், 25 பாகையை ஒட்டிய அளவு வரையிலான வெப்பத்தில், மிதமான ஈரப்பதனில் பூசுமாறு கூறுகின்றன. கொழும்பில் சிக்கல் வெப்பம் மிகுவது. அங்கே கரைப்பான் விரைந்து பறந்து, துடைப்பதற்குள் பூச்சு இறுகிவிடுகிறது. நம் பக்கம் அதற்கு நேர்மாறு. குளிரில் கரைப்பான் மெல்லப் போகிறது. துடைக்கும் பக்குவம் வரத் தாமதமாகிறது. முழுமையாக இறுக எடுக்கும் காலமும் நீள்கிறது.

அதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் படியும் பனிநீர். ஒரு மாலைப்பொழுதில் காற்றின் வெப்பம் 16 பாகையும் ஈரப்பதன் 90 சதவீதமும் இருந்தால், பனிபடுநிலை ஏறத்தாழ 14 பாகை. அதாவது காரின் கூரைத் தகடு காற்றைவிட இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும், அதன் மேல் நீர் படியத் தொடங்கிவிடும். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் தகடு அந்த அளவு குளிர்வது மிக எளிது. அந்த மெல்லிய ஈரத்தின் மேல் பூசப்படும் செரமிக் கிளியர் கோட்டைப் பற்றாது, வெளிறிப்போய்த் திட்டுத்திட்டாக நிற்கும். தகட்டின் வெப்பம் பனிபடுநிலையைவிடக் குறைந்தது மூன்று பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் நெடுங்காலமாக உள்ள விதி. செரமிக் பூசுவோரும் அதைக் கைக்கொள்வது நல்லது.

இதற்கு வழி, மூடிய கொட்டகையும் மின்சார வெப்பமும். மேலே சொன்ன அதே காற்றை, ஈரம் ஏதும் கூடாமல் 22 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பூசுவதற்கு அது போதுமானது. ஹலோஜன் விளக்குகளும் அகச்சிவப்பு விளக்குகளும் இந்த வேலைக்கு ஏற்றவை. எரிவாயு ஹீட்டரையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ கரி அடுப்பையோ கொட்டகைக்குள் வைக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எரிவாயுவும் மண்ணெண்ணெயும் எரியும்போது நீராவியை வெளிவிடுகின்றன, ஆகவே காற்று சூடானாலும் ஈரமும் கூடுகிறது. கரியின் புகையும் சாம்பலும் பூச்சின் மேல் படிகின்றன. இவையெல்லாவற்றையும்விட முக்கியமாக, பூச்சின் கரைப்பான் தீப்பற்றக்கூடியது. மூடிய அறையில் தணல் நச்சு வாயுவையும் சேர்க்கும். உயிரோடு விளையாடும் காரியம் அது. மின்விளக்கைப் பயன்படுத்தும்போதும் போத்தலையும் நனைந்த துணிகளையும் அதன் அருகே வைக்காமல், காற்று போய்வர ஒரு வழியும் விட்டிருக்க வேண்டும். வெப்பத்தையும் ஈரப்பதனையும் காட்டும் சிறிய ஈரமானி ஒன்றைக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைப்பது, போத்தல்களில் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால், மிகச் சிறிய செலவு.

கொட்டகை இல்லாதவர் நாளைத் தெரிவுசெய்வதிலேனும் கவனமாக இருக்க வேண்டும். மலையின் இரு பக்கங்களுக்கும் மழைக்காலம் ஒன்றன்று. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும்போது, மலைக்கு அப்பால் பண்டாரவளையும் பதுளையும் வரண்டு கிடக்கும். திசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சியில் ஊவாப் பக்கம் நனையும். ஆகவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவில் இருப்பவருக்கு மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களின் முற்பகல் பொழுதும், பண்டாரவளை, பதுளையில் இருப்பவருக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காலமும் ஏற்றவை. ஆண்டின் தொடக்க மாதங்களில் நுவரெலியாவில் இரவில் உறைபனி விழும் நாட்களும் உண்டு என்பதால், காலையில் பூசிய காரை இரவில் வெளியே விடலாகாது. ஊவாவில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று புழுதியை அள்ளி வருவது. அங்கே காற்றுக்கு மறைவான இடம் வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை எங்கும் பெய்வதால், அந்நாட்களில் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே மேல்.

ஆயத்தம்

செரமிக் படலம் ஒளிபுகக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் கீறல், கறை, பொலிஷ் இயந்திரத்தின் வட்டத் தழும்பு எல்லாம் அப்படியே தெரியும். இறுகிய பிறகு அவற்றைத் திருத்த, பூச்சையே தேய்த்து எடுக்க வேண்டும். இதனால்தான் முறையாகச் செய்பவர்கள் பூசுவதற்குச் செலவிடும் நேரத்தைப் போலப் பல மடங்கு நேரத்தை ஆயத்தத்துக்கு ஒதுக்குகிறார்கள். ஒரே பிற்பகலில் கழுவி, பூசி, மாலையில் தருவதாக யாராவது சொன்னால், அதை ஏற்காதீர்கள்.

முதலில் கழுவுதல். ஷாம்பூ கலந்த வாளி ஒன்று, துணியை அலசும் வெறும் நீர் வாளி ஒன்று என இரண்டு வாளிகள் வேண்டும். அலசும் வாளியில் தங்கும் மண் மீண்டும் காருக்குப் போகாது. தோட்டப் பாதையில் ஓடும் கார்களில் செம்மண் மட்கார்டுகளின் உட்புறத்திலும் கதவின் கீழ் விளிம்பிலும் அடைந்திருக்கும். அதைத் துணியால் தொடாமல் நீரைப் பீய்ச்சியே எடுக்க வேண்டும். அடுத்து, பெயின்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள்களைக் கரைக்கும் திரவம். அது இரும்பைச் சந்தித்ததும் ஊதா நிறமாக மாறுவதால், கறை எங்கே இருக்கிறது என்று கண்ணால் காண முடியும். அதன் கடும் நாற்றத்துக்காகத் திறந்த இடத்தில் செய்வது நல்லது. தாரை எடுக்க நம் பக்கம் மண்ணெண்ணெய் பயன்படுத்துவது வழக்கம். அது தாரை எடுக்கும் என்பது உண்மையே. ஆனால் பின்னால் விடும் எண்ணெய்ப்பசையின் மேல் செரமிக் பற்றாது. ஆகவே தாருக்கென்று உள்ள திரவத்தைப் பயன்படுத்தி, மீண்டும் ஒருமுறை ஷாம்பூவால் கழுவுவதே சரி. இதற்குப் பிறகு, மெல்லிய பொலித்தீன் உறையைக் கையில் மாட்டி பொனட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால், வழுக்கும் நீரோடு, கிளே பார் எனப்படும் மென்மையான களிமண் கட்டியை மெதுவாக ஓட்டி அதை எடுக்க வேண்டும்.

பொலிஷ் செய்வதற்கு முன் பெயின்டின் தடிப்பை அளக்கும் கருவியால் ஒவ்வொரு பகுதியையும் பார்ப்பது, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் நிலையில் வந்த கார்களுக்கு மிகவும் அவசியம். முன்னரே மீள்பூசப்பட்ட கதவும், முன்னரே அளவுக்கு மிஞ்சித் தேய்க்கப்பட்ட கூரையும் அளவிலேயே வெளிப்பட்டுவிடும். அண்மையில் கராஜில் டிங்கரிங் செய்து மீள்பூசிய பகுதி இருந்தால், அது உள்ளே முழுவதும் காய்வதற்குக் குறைந்தது ஒரு மாதமாவது விட வேண்டும். வெப்ப அறை இல்லாத கராஜில், குளிர் மாதத்தில் பூசியதாக இருந்தால், இன்னும் கூடுதலாக. பொலிஷ் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் அற்ககோல் கலந்த துடைப்புத் திரவத்தால் எண்ணெய்ப்பசை முழுவதையும் எடுக்க வேண்டும். சில பொலிஷ்கள் கீறலை நீக்காமல் எண்ணெயால் நிரப்பி மறைத்துவிடும். இந்தத் துடைப்பில்தான் அவற்றின் குட்டு வெளிப்படும்.

பூசும் முறை

சிறிய கார் ஒன்றுக்கு 30 முதல் 50 மில்லிலீற்றர் போதும். கையுறையும், ஆவியைத் தடுக்கும் முகமூடியும் அணிய வேண்டும். சில வகைகள் இறுகும்போது அமோனியாவை வெளிவிடுகின்றன. மெல்லிய துணி சுற்றிய சிறு பஞ்சுக்கட்டையில் சில துளிகள் விட்டு, அரை மீற்றர் நீள அகலமுள்ள பகுதியில் முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் இடைவெளி இல்லாமல் பரப்ப வேண்டும். சிறிது நேரத்தில் அந்தப் பகுதியில் வானவில் நிறங்கள் மெல்லத் தோன்றும், அல்லது படலம் வியர்த்தது போல நுண்ணிய திவலைகளாகும். அதுவே துடைக்கும் பக்குவம். வெப்ப ஊர்களுக்கு எழுதப்பட்ட நிமிடக் கணக்கை நம் ஊரில் அப்படியே நம்பாமல், இந்த அடையாளத்தைக் கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஒரு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, இன்னொரு புதிய துணியால் சமப்படுத்தி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். துடைக்காமல் விட்ட மிச்சம் கருந்திட்டாகத் தெரியும். முதல் மணித்தியாலத்துக்குள் கண்டால், அதே திரவத்தில் ஓரிரு துளி வைத்து இளக்கித் துடைக்கலாம். மறுநாள் கண்டால் பொலிஷ்தான் வழி. பயன்படுத்திய துணிகளில் செரமிக் இறுகிக் கூராகிவிடும் என்பதால் அவற்றை மீண்டும் காரில் படவிடக் கூடாது.

முன்கண்ணாடிக்குப் பொடிக்கான பூச்சைப் பூசினால் வைப்பர் துள்ளித் துள்ளிப் போகும். அதற்குத் தனியாகக் கண்ணாடிப் பூச்சு உண்டு. மூடுபனியில் இரவு ஓடுபவருக்கு இது சிறு விடயமன்று.

பூசிய பிறகு குறைந்தது 24 மணித்தியாலம் ஒரு துளி நீரும் படக்கூடாது. குளிர் மாதத்தில் இரண்டு நாள் உள்ளேயே நிறுத்துவது உசிதம். முதல் ஒரு வாரம் ஷாம்பூ வேண்டாம். அதற்குள் தற்செயலாக மழைத்துளி விழுந்தால், காயவிடாமல் உடனே மென்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

சில்லுகள்

றம்பொடை வளைவுகளில், கடுகண்ணாவையில், கினிகத்தேனை இறக்கத்தில், மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் ஓடியவர்களுக்கு பிரேக் சூட்டின் மணம் நன்றாகத் தெரியும். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் ஒரு கார் ஆயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தை இழக்கிறது. அந்தச் சக்தியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளாத பகுதி பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகவே முடிகிறது. நீண்ட இறக்கத்தில் டிஸ்க்கின் வெப்பம் சில நூறு பாகை வரை ஏறும். அப்போது டிஸ்க்கிலிருந்தும் பிரேக் பேடிலிருந்தும் உதிரும் துகள்களில் பெரும்பகுதி இரும்பு. அவை சுடச்சுட ரிம்மின் கிளியர் கோட்டில் போய்ப் பதிகின்றன. மழை ஈரத்தில் அங்கேயே துருப்பிடித்து, செம்புள்ளிகளாகி, படிப்படியாகப் பூச்சைத் துளைத்து அலுமினியத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. பொடியில் இத்தனை கடுமையான தாக்குதல் எங்கும் நடப்பதில்லை. அதனால்தான், பணம் ஒன்றுக்கு மட்டுமே போதும் என்றால் சில்லுகளுக்குப் பூசுங்கள் என்று நான் சொல்கிறேன்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைப்ரிட் கார்களில் பிரேக் துகள் குறைவு என்பது சமநிலத்தில் சரிதான், ஏனெனில் வேகம் குறையும்போது மோட்டாரே மின்னை உற்பத்தி செய்து காரைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நீண்ட மலை இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அதன் பிறகு எஞ்சினின் பிடியும் சாதாரண பிரேக்குமே வேலை செய்ய வேண்டும். அத்தகைய இறக்கங்களில் கியர் நெம்புகோலை B என்ற நிலைக்கு (நிறுத்துவதற்கான P அன்று) மாற்றி எஞ்சினின் பிடியைப் பயன்படுத்துவதும், சாதாரணக் காரில் தாழ்ந்த கியரில் இறங்குவதும் உயிரையும் காக்கும், ரிம்மையும் காக்கும்.

சில்லுக்கென்று விற்கப்படும் செரமிக், கூடிய வெப்பத்தைத் தாங்குமாறு அமைக்கப்பட்டது. பொடிக்கு உரியதை இங்கே பூசுவதைவிட அதையே வாங்குவது நல்லது. முறையான வேலைக்குச் சில்லுகளைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் துகளும் தாரும் மிகுதியாகத் தங்குவது வெளிமுகத்தில் அன்று, உட்புறக் குழியில்தான். சில்லு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான ரிம்மில் இரும்பு நீக்கித் திரவம் உடனே காய்ந்து கறையாகிவிடும். கழுவி, இரும்பையும் தாரையும் நீக்கி, உலர்த்தி, துடைப்புத் திரவத்தால் துடைத்து, ஒவ்வோர் ஆரமாகப் பூசித் துடைக்க வேண்டும். டிஸ்க்கிலோ பேடிலோ டயரிலோ ஒரு துளியும் படக்கூடாது. பட்டால் பிரேக்கின் பிடிமானமே குறையலாம். திரும்பப் பூட்டும்போது நட்டுகளை டோர்க் ஸ்பேனரால் கார்க் கையேட்டில் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கி, நூறு கிலோமீற்றருக்குள் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே கிளியர் கோட் உரிந்து, அதன் அடியில் வெண்மையாகப் புழுப்போல அரிப்பு ஓடிய ரிம்மில் செரமிக் எதையும் சரிசெய்யாது. முதலில் சுரண்டி மீள்பூச வேண்டும். இரும்பு ரிம்முக்கும் இதுவே பொருந்தும்: துருவை எடுத்துப் பெயின்ட் அடித்து, அது காய்ந்த பிறகே செரமிக்.

இப்படிப் பூசிய ரிம்மிலும் துகள் படியும், ஆனால் வேரூன்றாது. பிரஷர் நீரும் மென்மையான பிரஷும் போதுமாகிவிடும். ரிம்மைப் பளிச்சிட வைக்கச் சில இடங்களில் ஊற்றும் கடும் அமிலத்துக்கு அதன் பிறகு தேவையே இருக்காது. அது பூச்சையும் அலுமினியத்தையும் சேர்த்தே தின்னும் என்பதால், சர்வீஸுக்கு விடும்போது அதை ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்

வீட்டில் கூரையுள்ள இடம் இருந்து, கார் நல்ல நிலையில் இருந்து, இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவருக்கு முழுக் கோட்டிங் பொருத்தமானது. தோட்டப் பாதைகளில் நாள்தோறும் ஓடி, நாள்தோறும் கழுவப்படும் வாடகை வானுக்கு, பொடியில் சில மாதங்களுக்கு ஒருமுறை போடும் நல்ல மெழுகும், சில்லுகளில் மட்டும் செரமிக்கும் என்பதே என் பரிந்துரை; சிவனொளிபாதமலைக்கு மக்கள் போகும் மாதங்களில் இரவிரவாக மலை ஏறி இறங்கும் வான்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். போத்தலில் அச்சிட்ட ஆண்டுக் கணக்கை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பூச்சு, கூரைக்குள் நிற்கும் காரில் பல ஆண்டும் திறந்த வெளியில் நிற்கும் காரில் அதில் பாதியும் நிற்பது இயல்பு.

பிற்காலப் பராமரிப்பு

அமிலமும் காரமும் மிகாத நடுநிலை ஷாம்பூ, சுத்தமான மென்துணி, உலர்த்துவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துவாய் ஆகியவை போதும். நம் மலைகளின் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் போல வெண்கறையை விடுவதில்லை. இது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. ஆனாலும் தூறலும் வெயிலும் மாறிமாறி வரும் நாட்களில், உருண்டு நிற்கும் துளிகள் காற்றிலுள்ள தூசியைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே காய்ந்து வளையங்களாகும். தேயிலை மலைகளுக்கு டொலமைட் போடும் நாட்களில் பக்கத்தில் நிற்கும் கார்களில் இது இன்னும் கூடும். அப்படியான நாளில் வீடு வந்ததும் நீரை ஊற்றி அலசித் துடைத்துவிடுவது வளையம் ஊன்றாமல் தடுக்கும்.

ஒரு கட்டத்தில் நீர் திரளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கும். பூச்சு போய்விட்டது என்று பலர் அப்போதே முடிவுகட்டி, புதிதாகப் பூசப் பணம் கொடுக்கிறார்கள். பெரும்பாலான வேளைகளில் பூச்சு அங்கேயே இருக்கும். அதன் மேல் வீதிப் பசையும் இரும்புத் துகளும் படிந்து அதை மூடியிருக்கும். முதலில் நல்ல ஷாம்பூவால் கழுவி, இரும்பு நீக்கியை ஒருமுறை பயன்படுத்தி, உலர்த்திய பின் நீர் தெளித்துப் பாருங்கள். நீர் மீண்டும் திரண்டால், மேற்பூச்சாக விற்கப்படும் ஸ்பிரே ஒன்றை அடித்தால் போதும். அப்போதும் திரளவில்லை என்றால் படலம் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்; மென்மையான பொலிஷால் மிச்சத்தை எடுத்துவிட்டு, உங்கள் பக்கத்து மலைக்கு மழை ஓயும் மாதத்தைப் பார்த்து, அடுத்த பூச்சுக்கு நாள் குறிக்கலாம்.